டின்ட் திருகும் சம்பாப் பச்சையும்

பால் உசத்தியா, என்.டி.எஸ்.சி. உசத்தியா என்று ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். ‘எளிமையா இருக்கட்டும் மேடம், எல்லாருக்கும் புரியணும்’ என்று கீழே ஒரு குறிப்பு வேறு. பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவதற்காக ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பட்டதாரிகளுக்குப் புரியும்படி, முட்டி வலியோடு வீட்டில் கிடக்கும் ஒரு டிப்ளமோக்காரி எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். அந்தக் காலத்தில் நம் நாட்டு டிவியும் வீடியோவும் பால் முறையில் ஓடின. அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. பிரான்சில் செகாம் என்று இன்னொன்று. ஒரு முறையில் பதிந்த கேசட்டை வேறு முறை டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் பெட்டியில், போட்டால் படம் உருளும், இல்லாவிட்டால் நிறம் போய்விடும். டிவிப் படம் கிடைக்கோடுகளால் ஆனது. பாலில் கோடுகள் அதிகம், அதனால் படம் கூர்மை. என்.டி.எஸ்.சி.யில் கோடுகள் குறைவு, ஆனால் ஒரு நொடிக்கு ஐந்து படம் கூடுதல், அதனால் மினுக்கல் குறைவு. பாலில் நிறம் தவறினால் அடுத்த கோட்டிலேயே அந்தத் தவறு ஈடாகிவிடும். என்.டி.எஸ்.சி.யில் தவறினால் தவறியதுதான். அதற்காகவே அமெரிக்க டிவிகளில் டின்ட் என்று ஒரு திருகு வைத்திருந்தார்கள். அதை ஒரு பக்கம் திருப்பினால் மஞ்சள் சிவப்பை நோக்கிப் போகும், பச்சை மஞ்சளை நோக்கிப் போகும். மறுபக்கம் திருப்பினால் எல்லாம் எதிர்த்திசையில் நகரும். வெள்ளையும் கறுப்பும் மட்டும் அசையாது. நம் பால் டிவியில் அந்தத் திருகே கிடையாது. ஆகவே, நிறத்துக்குப் பால் உசத்தி. உங்கள் ஒரு பக்கம் இத்துடன் முடிந்தது. இங்கேயே கத்தரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

மீதியையும் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் உங்கள் அறைக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் ஒரு கல்யாண கேசட்டை ஓடவிட்டு, ‘ஆட்டோ கலர்’ பொத்தானை அமுக்கினார். ஒரே நொடியில் பந்தல் முழுக்கப் பளிச்சென்று ஆனது. ‘முகம் எப்படி வந்திருக்கு பாருங்க மேடம்’ என்று பெருமையாகக் கேட்டார். முகம் நன்றாகத்தான் வந்திருந்தது. அப்படி ஒரு நல்ல முகத்தை வரவழைத்துத்தான் நன்னிலத்துக்காரர் ஒருவரின் உயிருக்கு நான் கிட்டத்தட்ட உலை வைத்தேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த வீடியோ லேப். நான் தரங்கம்பாடிக்காரி. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கே டெக்னீஷியன் வேலை. மாடி ஏறி வருகிறவர்கள் கவுண்டரில் என்னைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, என் தலைக்கு மேலாக உள்ளே எட்டி, ‘ஆள் யாரும் இல்லையா?’ என்று கேட்பார்கள். தினமும் ஐந்தாறு பேராவது கேட்பார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் எதுவாகத் தெரிந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு, ‘ஆள் சாப்பிடப் போயிருக்காரு, கேசட்டைக் குடுங்க’ என்று வாங்கி வைத்து, நானே வேலையை முடித்து, மறுநாள், ‘ஆள் செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்காரு’ என்று நானே கொடுத்தேன். அந்த ஆளின் வேலையை எல்லோரும் மிகவும் பாராட்டினார்கள்.

எங்கள் முக்கியமான பிழைப்பு முறை மாற்றித் தருவது. டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்த காலம். இங்கே எடுத்த காதுகுத்து அமெரிக்காவில் ஓட வேண்டும், அங்கே எடுத்த வளைகாப்பு இங்கே ஓட வேண்டும். பால் என்ற பெயரால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. பார்சல் மேல் ‘பால் கேசட்’ என்று நான் தமிழில் எழுதி அனுப்பியதைப் பார்த்த தபாலாபீஸ் குமாஸ்தா, ஒழுகுகிற சாமானை எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார். காரைக்கால் அம்மாள் ஒருவருக்கு பாரிசிலிருந்து மகன் கல்யாண கேசட் வந்தது. செகாம் கேசட், நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடியது. பிரெஞ்சு நாட்டில் போய் இவ்வளவு சம்பாதித்தும் கலரில் எடுக்க மனசு வரவில்லையே என்று அந்த அம்மாள் மருமகளோடு ஆறு மாதம் பேசவில்லை. விஷயம் தெரிந்தபின் பேசினாரா என்று கேட்காதீர்கள். வேறு காரணம் கிடைத்திருக்கும்.

லேபின் முதலாளிக்கு ஒரே ஒரு விதி உண்டு. ‘மூஞ்சி சரியா இருந்தா முழுப் படமும் சரி.’ மாற்றித் தரும் பெட்டியில் ஒரு டின்ட் திருகு இருந்தது. முகத்தைப் பார்த்து அதைத் திருப்ப வேண்டும். மனுஷ முகம் மனுஷ முகமாகத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். புடவை, பந்தல், வாழைமரம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பார். பெரும்பாலும் ஆகவும் செய்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக வருகிற விதியைப் போல மோசமானது எதுவும் இல்லை. நூறாவது தடவை வரும்போது நாம் யோசிப்பதையே நிறுத்தியிருப்போம்.

நன்னிலத்துக்காரர் ஒரு ஐப்பசி மாதம் வந்தார். அறுபதைத் தாண்டியவர், உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ‘ஆள் இல்லையா?’ என்று அவரும் கேட்டார், நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவருக்கு நன்னிலம் பக்கத்தில் ஒரு வேலி நிலம், ஏழு ஏக்கருக்குப் பக்கம். மனைவி தவறிவிட்டார். தம்பி வீட்டிலிருந்து சாப்பாடு வரும். ஒரே மகன் அமெரிக்காவில், ஐந்து வருஷமாக ஊருக்கு வரவில்லை. ‘வயசான காலத்தில் எதுக்கு இந்தச் சேறு, நிலத்தை வித்துட்டு இங்க வந்துடுங்க’ என்று மகன் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். நிலம் நன்றாக இருக்கிறது, நானும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டுவதற்காக, உள்ளூர் வீடியோக்காரரைக் கூட்டிப்போய்ச் சம்பாப் பயிரைப் படமெடுத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று மகனும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆக, நிலம் நிற்பதும் போவதும் அந்தக் கேசட்டில் இருந்தது.

‘வயலு நல்லாத் தெரியணும்மா, அதுக்குத்தான் எடுத்ததே’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வாடிக்கையாளர் இவ்வளவு தெளிவாகச் சொன்னபிறகு நான் என்ன செய்திருப்பேன்? முகத்தைப் பார்த்தேன்.

படத்தில் அவர் வரப்பில் நின்று கும்பிடுகிறார், பின்னால் வயல். முகம் மஞ்சளாக அடித்தது. எனக்கு எதிரில் நின்று கேசட்டைக் கொடுத்த அதே முகம்தான். ஆனால் வாடிக்கையாளர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கேசட்டைத்தான் பார்ப்போம். என்னைப் பார்க்காதவர்களை இத்தனை நேரம் கிண்டல் செய்தேன். நானும் அவரைப் பார்க்கவில்லை, கணக்கு நேராகிவிட்டது. டின்ட் திருகை மெல்லத் திருப்பினேன். மஞ்சள் குறைந்து, ரத்தம் ஏறி, ஒரு திடகாத்திரமான விவசாயியின் முகம் வந்தது. நிறுத்திவிட்டேன். பயிர் கொஞ்சம் மஞ்சளித்தது, சாயங்கால வெயிலாக இருக்கும் என்று நானே ஒரு வெயிலை உண்டாக்கிக்கொண்டேன். முதலாளி வந்து பார்த்து, ‘மூஞ்சி பிரமாதம்’ என்றார். கேசட் அமெரிக்கா போனது.

ஒரு மாதம் கழித்து அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி வரவில்லை. நடுவில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினார். அதையும் நான் கவனித்திருக்க வேண்டும். கையில் ஒரு உரப் பை. அதிலிருந்து வேரோடும் சேற்றோடும் ஒரு பிடி நெற்பயிரை உருவி கவுண்டர் மேல் போட்டார். இந்தத் தடவை ஆள் இருக்கிறாரா என்று கேட்கவில்லை.

‘இது என்ன நெறம்னு சொல்லும்மா.’

பச்சை என்றேன். அப்படியானால் உன் கேசட்டில் ஏன் மஞ்சள் என்று கேட்டார். மகன் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு போன் செய்திருக்கிறார். வயல் முழுக்க மஞ்சளடித்துக் கிடக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையா, உரம் வைக்கவில்லையா, இத்தனை நாள் என்னிடம் மறைத்தீர்களா, இனிமேல் உங்களால் முடியாது, சித்தப்பா மகனிடம் நிலம் வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன் என்று பொரிந்திருக்கிறார். கடைசியில், ‘நீங்க மட்டும் நல்லா இருக்கீங்க, அது போதும்’ என்றும் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னதாக மகன் நினைத்துவிட்டான் என்பதுதான் அவருக்கு வலித்தது. நிலம் பார்க்க மறுநாளே ஒருவர் வருகிறாராம்.

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். தவறு நடந்தால் அவருக்கு எப்போதும் ஒரு வீடியோக்காரன் கைவசம் இருப்பான். ‘வெள்ளையக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைக்காம எடுத்திருப்பான் ஐயா, எங்க மேல தப்பில்ல’ என்றார். லேபிலேயே இருந்த மூலக் கேசட்டை நான் பால் டிவியில் போட்டேன். அதில் திருகு இல்லை, யாரும் எதையும் அழகுபடுத்த முடியாது. வயல் பச்சையாக வந்தது. கவுண்டரில் கிடந்த பயிரைப் பிடித்துத் திரையோரமாக வைத்தேன், ஒரே பச்சை. பெரியவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதே திரையில் அவர் முகம் மஞ்சளாக நின்றது.

முதலாளி சொன்னபடி ஒயிட் பேலன்ஸ் தவறு என்றால் வேட்டியும் மஞ்சளாக இருக்க வேண்டும். வேட்டி வெள்ளையாக இருந்தது. வேட்டி வெள்ளை, வயல் பச்சை, முகம் மட்டும் மஞ்சள். கேமராவுக்கு அவர்மேல் தனியாக ஏதும் பகை இருக்க முடியாது. நான் மெதுவாகத் திரும்பி, முதல் முறையாக, எதிரில் நிற்கிற மனிதரைப் பார்த்தேன். சேறு படிந்த பயிரை மறுபடி கையில் எடுத்திருந்தார். பச்சைக்குப் பக்கத்தில் அந்த உள்ளங்கை மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. நகமும் அப்படித்தான்.

எங்கள் அம்மா நர்ஸாக வேலை பார்த்தவர். வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் கண்ணின் வெள்ளையைப் பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பழக்கத்தில், ‘ஐயா, கண்ணைக் கொஞ்சம் அகலமாத் தொறந்து காட்டுங்க’ என்று கேட்டுவிட்டேன். நன்னிலத்தில் ஒரு வேலி நிலம் வைத்திருப்பவரிடம், கவுண்டரில் இருக்கிற ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது? முதலாளி எனக்குக் கண்ணாலேயே கட்டளையிட்டார், உள்ளே போ என்று. நான் போகவில்லை. பெரியவர் என்னை முறைத்தார். முறைப்பதற்கு அவர் கண்ணை அகலமாகத் திறந்ததால் எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது.

தவறு என்னுடையதுதான், உங்கள் முகத்தைச் சரிசெய்யப் போய் வயலைக் கெடுத்துவிட்டேன் என்றேன். என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல் என்றார்.

‘மஞ்சளா இருக்குங்க. காமாலை மாதிரி தெரியுது. டாக்டரப் பாருங்க.’

அவர் சிரித்தார். ஊரில் எல்லோரும் அவர் நிறம் கூடிவிட்டதாகச் சொல்கிறார்களாம். மகன் அனுப்புகிற வைட்டமின் மாத்திரை வேலை செய்கிறது என்று கோயில் வாசலில் வைத்தே பேசிக்கொண்டார்களாம். நம் ஊரில் ஒரு மனிதன் ஈரல் கெட்டு மஞ்சளானால்கூட, சிவப்பாகிவிட்டாயே என்று வாழ்த்துச் சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். தினமும் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய நிறம் தெரியவும் இல்லை. அப்படியே இருந்தாலும் வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிறது, அரைத்துக் குடித்தால் போயிற்று என்றார். அவர் அவசரமெல்லாம் வயலைப் பற்றித்தான். பச்சையாக ஒரு கேசட் உடனே அமெரிக்கா போக வேண்டும்.

வயல் பச்சையானால் முகம் மஞ்சளாகத்தான் தெரியும், இருப்பது ஒரே திருகு என்று விளக்கினேன். இங்கேதான் முதலாளியின் மூளை வேலை செய்தது. முகம் வருகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு வயலை மட்டும் அனுப்பிவிடலாமே என்றார். மகனும் பயப்பட மாட்டான், நிலமும் நிற்கும், லேபுக்கும் கெட்ட பெயர் இல்லை. மூன்று பேருக்கும் நல்லது. பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

‘வெட்டிடும்மா. என் மூஞ்சியவா விக்கப் போறான்? வயலத்தானே.’

பிற்பகல் மூன்று மணிக்கு கூரியர்காரர் வருவார். அதற்குள் கேசட் தயாராக வேண்டும். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் வெட்டச் சொல்கிறார், முதலாளி வெட்டச் சொல்கிறார், வெட்டுவது ஐந்து நிமிஷ வேலை. வெட்டினால் அமெரிக்காவில் இருக்கிற மகன் கண்ணில் அந்த முகம் படவே படாது. அவரை அதட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக்கூடிய ஒரே ஆள் அந்த மகன்தான். என் பேச்சைக் கேட்டு அவர் டாக்டரிடம் போவார் என்று நம்பினால் நான் முட்டாள்.

நல்ல வேளையாக முதலாளிக்குச் சாப்பாட்டு நேரம் தவறினால் தலை சுற்றும். இரண்டு மணிக்கு எழுந்து போனார், பெரியவரும் திருவாரூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் டின்ட் திருகை நடுவில் வைத்தேன். ஒரு இடத்தைக்கூட வெட்டாமல் முழுக் கேசட்டையும் மாற்றினேன். அப்போதுதான் இன்னொரு ஆபத்து நினைவுக்கு வந்தது. அமெரிக்க டிவியிலும் அந்தச் சனியன் பிடித்த திருகு இருக்கிறதே. அப்பாவின் முகம் மஞ்சளாக வந்தால் மகன் முதலில் என்ன செய்வார்? எழுந்து போய்த் திருகைத் திருப்பி அப்பாவைக் குணப்படுத்திவிடுவார், நான் செய்த மாதிரியே.

ஒரு துண்டுச் சீட்டு எடுத்து எழுதினேன். ‘போன கேசட்டில் நிறம் தவறியது எங்கள் பிழை. பயிர் நன்றாக இருக்கிறது. நீங்கள் விவசாயி வீட்டுப் பிள்ளை, கார்த்திகையில் சம்பா எந்தப் பச்சையில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிவி திருகைத் திருப்பி முதலில் வயலை அந்தப் பச்சைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு திருகைத் தொடாமல் அப்பாவின் முகத்தைப் பாருங்கள்.’ கீழே, ‘டெக்னீஷியன்’ என்று மட்டும் போட்டேன். சீட்டைக் கேசட் உறைக்குள் செருகி ஒட்டி, கூரியர்காரர் கையில் கொடுத்துவிட்டேன். வெட்டியாச்சா என்று திரும்பி வந்த முதலாளி கேட்டார். ஆச்சு என்றேன். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்யாமல் செய்ததாகப் பொய் சொன்னது முப்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். பத்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. கேசட் போய்ச் சேர்வதற்குள் மனிதர் போய்விடுவாரோ என்று மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

மகன் கேசட்டைப் பார்த்த அன்றே டிக்கெட் எடுத்திருக்கிறார். வந்து இறங்கி, தகப்பனாரைப் பேசவிடாமல் காரில் ஏற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தது. கீழாநெல்லியை வேலி அளவுக்கு அரைத்துக் குடித்திருந்தாலும் அது அசைந்திருக்காது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் சீழ் பிடித்து ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். நான் மகிழ்ச்சியாக முகத்தைச் சரிசெய்து அனுப்பிய முதல் கேசட் ஒரு மாதத்தைத் தின்றிருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் குழாய் வைத்துப் பித்தத்தை வடித்து, தை பிறக்கும்வரை உடம்பைத் தேற்றினார்கள். வயலில் அறுவடையும் ஆஸ்பத்திரியில் அறுவையும் ஒரே வாரத்தில் நடந்தன. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மகன் ஒரு மாதம் ஊரில் இருந்து, களத்தில் நின்று நெல் அளந்துவிட்டுப் போனார். நிலத்தை விற்கிற பேச்சு அத்தோடு நின்றது.

பெரியவர் உடம்பு தேறியபின் நன்றி சொல்ல வந்தார் என்றா நினைக்கிறீர்கள்? சண்டை போட வந்தார். ‘மூஞ்சிய வெட்டச் சொன்னேன்ல, ஏன் வெட்டல?’ என்று கவுண்டரைத் தட்டினார். முதலாளிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது, அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் என்னைத் திட்டி முடித்ததும் பெரியவர் ஒரு மூட்டை புதுநெல் அரிசியை மாடி ஏற்றச் சொன்னார். அதை முதலாளி வாங்கிக்கொண்டார்.

உங்கள் ஆட்டோ பொத்தானுக்கு முகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. எங்கள் முதலாளிக்கும் இருந்தது. படத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு, நிறம் உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். வேட்டி, சுண்ணாம்புச் சுவர், வாழை இலை, நெற்பயிர், ஏதாவது இருக்கும். அது சரியாக இருந்தும் முகம் தவறாக இருந்தால், பொத்தானை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு சம்பாவுக்கும் ஒரு கேசட் அமெரிக்கா போக வேண்டும் என்று மகன் நிபந்தனை போட்டுவிட்டார். வயலும் அப்பா முகமும் ஒரே படத்தில் இருக்க வேண்டும், திருகைத் தொடக்கூடாது. கேசட் போய்க்கொண்டிருந்தது. மகன் வரவில்லை. வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லோரும் சொல்கிற காரணங்கள்தான். மூன்று வருஷம் போனது.

நான்காவது வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் காய்ந்து, மழையும் ஏமாற்றி, கடைமடையில் பயிர் நின்ற இடத்திலேயே மஞ்சளித்துக் கருகியது. பெரியவர் கேசட்டோடு வந்தார். முகம் நன்றாக இருந்தது, இப்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். கேசட்டைப் போட்டோம். வேட்டி வெள்ளை, முகம் சரி, வயல் மஞ்சள். இதை மகன் பார்த்தால் விற்கிற பேச்சு மறுபடி கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் திருகைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் திருப்பிக் கொடேன் என்றார். திருகைத் தொடாதே என்று ஊரெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கு இது வேண்டியதுதான்.

‘திருப்பலாம் ஐயா. வயல் பச்சையாயிடும். ஆனா உங்க முகம் பழையபடி மஞ்சளாயிடும். காமாலை திரும்பிடுச்சுன்னு உங்க மகன் அடுத்த பிளேன்ல வந்து நிப்பாரு.’

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டு, மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

‘வந்து நிக்கட்டுமே’ என்றார்.

நான் ஒரு கணம் திருகில் கை வைத்துவிட்டேன். திருப்பினால் அவர் கேட்டது நடக்கும், மகன் வருவார். ஆனால் பிளேனில் வருகிற அத்தனை மணி நேரமும் அப்பா பிழைப்பாரோ மாட்டாரோ என்று அந்தப் பிள்ளை தவிப்பார். பத்து நாள் நான் பட்டது எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டேன். லேபில் இருந்த கேமராவை ஸ்டாண்டில் மாட்டி அவருக்கு முன்னால் வைத்தேன். இப்போது சொன்னதைக் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள், கேசட்டின் கடைசியில் சேர்த்து அனுப்புகிறேன் என்றேன்.

ஐந்து நிமிஷம் அவர் ஆற்றைப் பற்றிப் பேசினார். மேட்டூரைப் பற்றிப் பேசினார், பக்கத்து வயல்காரரின் போர்செட்டைப் பற்றிப் பேசினார். நான் நிறுத்தாமல் ஓடவிட்டேன். கடைசியில் பேச்சு தீர்ந்து, வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

‘தம்பி, பயிரு போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். இருந்தாலும் ஒரு தடவை வந்துட்டுப் போ.’

உங்கள் கட்டுரைக்கு உதவும் என்றால் அந்தக் கேசட்டின் படத்தரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டியூப் லைட் வெளிச்சம், படம் சுமார். என்.டி.எஸ்.சி.க்கு மாற்றியபோது கோடுகள் குறைந்து இன்னும் கொஞ்சம் மங்கியது. ஒலியில் பால், என்.டி.எஸ்.சி. என்ற தகராறு கிடையாது. அவர் பேசியது பேசியபடி போய்ச் சேர்ந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான நேரத்தில், நாற்பது வயதுக்காரர் ஒருவர் மாடி ஏறி வந்தார். பெரியவரின் அதே உயரம், அதே நடை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பழைய சீட்டை எடுத்துப் பிரித்துக் கவுண்டரில் வைத்தார். என் கையெழுத்து. நான் எழுந்து நின்றேன். அவர் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

‘இத எழுதின டெக்னீஷியன நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு வந்தேன்’ என்றார். ‘ஆள் யாரும் இல்லையா?’